சேறு படிந்த கால்கள்

நாயோடு நடத்தல் இன்பம். நடந்து திரும்பிய பின் அதன் கால்களைத் துடைத்தல் கடமை. இன்பத்தை நாடுவோர் பலர். அதன் பின்னே வரும் கடமையை முகமலர்ந்து ஏற்போர் சிலரே. அக்கடமையின் அருமையை ஒரு முதியவரும் அவருடைய பேரனும் வழிப்பயணம் ஒன்றில் உணர்ந்த வரலாறே இப்பாடத்தின் பொருளாகும்.

இங்கிலாந்தின் வடமேற்கில் மலைகளும் ஏரிகளும் நிறைந்த பகுதி ஒன்று உண்டு. அதனை ஏரி மாவட்டம் என்பர். 1951ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப் பெற்றது. அங்கே பாரோடேல் என்னும் பள்ளத்தாக்கில் சீத்வெயிட் என்ற சிற்றூர் உள்ளது. அந்நாட்டில் மக்கள் வாழும் இடங்களுள் மிகுந்த மழை பெறுவது அதுவே எனப் புகழ் பெற்றது. ஆண்டுதோறும் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும். அதன் அருகிலுள்ள ஹானிஸ்டர் கணவாயில், 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4, 5 ஆகிய நாட்களில், 24 மணி நேரத்திற்குள் 341.4 மில்லிமீட்டர் மழை கொட்டியது. இத்தகைய நிலத்தில் உலவச் செல்வோர் சேறு படாமல் திரும்புதல் அரிதினும் அரிது.

அம்மலைகளைக் காண வருவோருள் சிலர் விடுதிகளை நாடுவதில்லை. வேன் ஒன்றில் படுக்கையும் அடுப்பும் அமைத்துக்கொண்டு, அதனையே வீடாகக் கொண்டு ஊர் ஊராகச் செல்வர். முதியவரும் பன்னிரண்டு வயதுடைய பேரனும் அக்டோபர்த் திங்கள் விடுமுறையில் அவ்வாறே புறப்பட்டனர். அவர்களுடன் ராய் என்னும் நாயும் சென்றது. அது ஆட்டு மந்தை காக்கும் இனத்தைச் சேர்ந்தது. கறுப்பும் வெண்மையும் கலந்த நீண்ட மயிருடையது.

முதல் நாள் நடை முடிந்து திரும்பியபோது ராயின் வயிறு முதல் பாதம் வரை கருஞ்சேறு அப்பியிருந்தது. வேனின் கதவைத் திறக்கச் சென்ற பேரனை முதியவர் கைகாட்டி நிறுத்தினார்.

“பொறு, முதலில் அவன் தன் வேலையைச் செய்யட்டும்” என்றார்.

ராய் நான்கு கால்களையும் ஊன்றி நின்று, தலை முதல் வால் வரை உடலைக் குலுக்கியது. நீர்த்துளிகள் நாற்புறமும் சிதறின. பேரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

நனைந்த விலங்குகள் இவ்வாறு உடலைச் சிலிர்த்துக் குலுக்குவது வெறும் விளையாட்டன்று. அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள், எலி முதல் கரடி வரை பல விலங்குகளை நனைத்து, அவை குலுக்கும் முறையை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிறிய உடலுடைய எலி நொடிக்கு ஏறத்தாழ 30 முறை குலுக்குகிறது. பெரிய நாய்க்கு நொடிக்கு நான்கைந்து முறை போதும். நாயின் தோல் உடலோடு இறுகப் பற்றாமல் தளர்ந்திருப்பதால், முதுகெலும்பைக் காட்டிலும் தோல் மிகுதியாகச் சுழல்கிறது. அவ்விசையால் மயிரில் தங்கிய நீரில் நூற்றுக்கு எழுபது பங்கு ஒரு நொடிப் பொழுதிற்குள் வெளியேறிவிடும். எத்துணைச் சிறந்த துவாலையும் அவ்வளவு விரைவில் அப்பணியைச் செய்யாது. ஆதலின், நாயைக் கதவுக்கு வெளியே நிறுத்தி நன்கு குலுக்க விடுதல் முதற் செயலாகும்.

எஞ்சிய முப்பது பங்கு நீரை நீக்குவது மனிதன் கடன். முதியவர் ஓர் அகன்ற வட்டிலில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, ராயின் கால்களை ஒவ்வொன்றாக அதில் நனைத்து, விரல்களுக்கு இடையே படிந்த மண்ணைக் கழுவினார். சவர்க்காரம் எதனையும் அவர் பயன்படுத்தவில்லை. அதனை நாள்தோறும் இட்டால், நாயின் மயிரையும் தோலையும் காக்கும் இயற்கை எண்ணெய் நீங்கிவிடும். பின்னர், நீரை நன்கு உறிஞ்சும் நுண்ணிழைத் துவாலையால் உடலை ஒற்றி எடுத்தார்.

“ஏன் தாத்தா, அழுத்தித் தேய்த்தால் விரைவில் உலருமே?” என்று பேரன் வினவினான்.

“தேய்த்தால் நீண்ட மயிர் சிக்குண்டு முடிச்சு விழும். சேறும் உள்ளே போய்விடும். மேலே தெரியும் மயிர் வேறு; அதனடியில் பஞ்சு போன்ற மற்றொரு மயிர்ப் படலம் உண்டு. அங்கே ஈரம் தங்கினால் தோல் புண்படும்” என்று விளக்கினார் முதியவர்.

இறுதியில், துவாலைத் துணியால் தைத்த அங்கி ஒன்றை ராய்க்கு அணிவித்து, வேனுக்குள் ஏற்றி, இரப்பர் விரிப்பின்மேல் படுக்கச் செய்தார். எஞ்சிய சேறு உலர்ந்து பொடியான பின் சீப்பினால் வாரி எடுத்தார். இவ்வளவும் செய்ய அரை மணி நேரம் ஆயிற்று.

வீட்டில் வாழும் நாய்க்கு முற்றமும் தாழ்வாரமும் உண்டு. வேனில் அவை இல்லை. உண்ணும் இடமும் உறங்கும் இடமும் ஒன்றே. நனைந்த நாயின் உடலிலிருந்து எழும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியிற்பட்டு நீராக வழியும். படுக்கை ஈரம் பட்டுப் பூஞ்சை பிடிக்கும். நாயின் மயிரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மணம், நீர் ஆவியாகும்போது அதனுடன் கலந்து காற்றில் பரவும். ஆகவே, வெளியில் மழை பெய்யினும் முதியவர் சாளரத்தைச் சிறிதளவு திறந்தே வைத்தார். நனைந்த துவாலைகளை உள்ளே குவித்து வைக்காமல், காற்றோட்டம் உள்ள இடத்தில் தொங்கவிட்டார்.

மூன்றாம் நாள் மழை விடாது பெய்தது. ஆடுகள் மேயும் சரிவுகளில் ராயை வாரிற் பிணித்தே நடத்திச் சென்றனர். மந்தையை நாய் துன்புறுத்தினால் அதன் உரிமையாளரைக் குற்றவாளியாக்கும் சட்டம் அந்நாட்டில் 1953ஆம் ஆண்டு முதல் உண்டு. இருட்டிய பிறகே அவர்கள் வேனை அடைந்தனர். முதியவரின் முழங்கால்கள் நொந்தன. பேரனின் பற்கள் குளிரால் கிட்டின. ராய் மட்டும் அமைதியாக நின்று, வழக்கம்போல் தன் முன்காலைத் தூக்கிக் காட்டியது.

“இன்று ஒரு நாள்தானே! சேறு காய்ந்ததும் காலையில் வாரிவிடலாம்” என்றார் முதியவர். மேலே ஒரு முறை துடைத்துவிட்டு, நாயை உள்ளே ஏற்றினார். மூவரும் உறங்கினர்.

பொழுது விடிந்ததும் பேரன் முதலில் கண்டது விரிப்பில் படிந்திருந்த குருதிக் கறையை. ராய் முன்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றது. முதியவர் விரைந்து வெந்நீர் வைத்து, உலர்ந்த சேற்றைக் கரைத்துப் பார்த்தார். பாதத்தின் மெத்தையில் ஆழமான வெட்டு ஒன்று இருந்தது. அதனுள் சிறு கண்ணாடித் துண்டு பதிந்திருந்தது. இரவெல்லாம் சேறு அப்புண்ணை மூடி மறைத்திருந்தது. முதல் நாள் மாலை நாய் தூக்கிக் காட்டியது அந்தக் காலையே என்பது பேரனின் நினைவிற்கு வந்தது. அவன் கண்கள் கலங்கின.

அருகிலுள்ள ஊரின் கால்நடை மருத்துவர் கண்ணாடியை எடுத்துக் கட்டுப் போட்டார். பத்து நாட்கள் நீண்ட நடை கூடாது என்றார். “நேற்றே கண்டிருந்தால் இவ்வளவு வீங்கியிராது” என்றும் கூறினார். அச்சொல்லில் கடுமை இல்லை. ஆயினும் முதியவர் தலை குனிந்தார்.

நடந்து வந்த கால்களைக் கழுவுதல் தூய்மைக்காக மட்டும் அன்று என மருத்துவர் பேரனுக்கு எடுத்துரைத்தார். குளிர்காலத்தில் சாலைகளின் பனியை உருக்கத் தூவும் உப்பு நாயின் பாதங்களை வெடிக்கச் செய்யும்; நக்கினால் வயிற்றுக்கும் கேடு தரும். கோடையில் புல்லின் கூரிய விதைகள் விரலிடுக்கில் நுழைந்து தசைக்குள் ஏறிவிடும். 2012ஆம் ஆண்டின் இறுதி முதல் பிரித்தானியாவில் காணப்படும் அலபாமா அழுகல் என்னும் அரிய நோய், தோலில் புண்ணாகத் தோன்றிச் சிறுநீரகத்தைத் தாக்கும். அதன் காரணம் இன்னும் தெளியப்படவில்லை. எனினும் குளிர்ந்த, ஈரம் மிகுந்த திங்கள்களிலேயே அது பெரிதும் காணப்படுவதால், சேற்றைக் கழுவுமாறு மருத்துவர் பலர் அறிவுறுத்துகின்றனர்.

வேனுக்குத் திரும்பிய பின் முதியவர் நெடுநேரம் ராயின் தலையைத் தடவியபடி இருந்தார். பின்னர்ப் பேரனை நோக்கி, “எனக்குக் கால் வலித்தது, உன்னிடம் சொன்னேன். உனக்குக் குளிரெடுத்தது, என்னிடம் சொன்னாய். இவனுக்கு வாயில்லை. காலைத் தூக்கிக் காட்டினான், அதையும் நான் பார்க்கவில்லை” என்றார்.

அன்று முதல் துவாலை பேரனின் கைக்கு மாறியது. எவரும் ஏவாமலே அவன் வட்டிலில் நீர் நிரப்பினான். ஏரிக்கரையில் சிறிது தூரமே நடந்து திரும்பினாலும், கட்டுப்போட்ட காலை நனையாமல் காத்து, மற்ற மூன்று கால்களையும் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தான். செவிகளின் உட்புறத்தை ஒற்றினான். வயிற்றை மெல்ல வருடினான்.

விடுமுறையின் கடைசி மாலையில், ராயின் செவிக்குப் பின்னே மிளகளவினும் சிறியதாக ஏதோ ஒன்று அவன் விரலில் தட்டுப்பட்டது. மயிரை விலக்கிப் பார்த்தான். உண்ணி ஒன்று தோலைக் கவ்வியிருந்தது. லைம் நோய் என்னும் கொடிய பிணியை மனிதருக்கும் நாய்க்கும் பரப்ப வல்லவை அவ்வுண்ணிகள். முதியவர் சிறு கொக்கியைக் கொடுத்தார். பேரன் அதனைத் தோலோடு ஒட்டிச் செலுத்தி, உண்ணியை நசுக்காமல், பதற்றமின்றிப் பற்றி எடுத்தான். ராய் அசையாமல் நின்றது. எடுத்து முடித்ததும் அவன் கையை ஒரு முறை நக்கியது.

முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. உலர்ந்த துவாலை ஒன்றை எடுத்துப் பேரனின் தோளில் இட்டார். பிறகு மூவரும் வேனுக்குள் ஏறினர். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

வாயில்லா உயிரை வளர்ப்போர் அதன் மொழியைத் தம் கைகளால் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு உரிய பாடவேளை, களைப்போடு வீடு திரும்பும் அந்த அரை மணி நேரமே ஆகும்.