தனித்திருந்து மன்றாடும் முறை: யூத மரபும் பெண்ணாடத்து விண்ணப்பமும்

யூதர்களின் அன்றாட வழிபாடு பெரும்பாலும் கூடிச் செய்வது. காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளை. அதில் சில பகுதிகளை ஓதப் பத்துப் பேராவது கூடியிருக்க வேண்டும். சொற்கள் எபிரேய மொழியில் முன்பே வகுக்கப்பட்டவை. நின்றபடி தாழ்ந்த குரலில் சொல்லும் ‘அமிதா’ இந்த வழிபாட்டின் நடுநாயகம். இந்த ஒழுங்குக்குப் பக்கத்திலேயே வேறொரு பழக்கமும் வளர்ந்திருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குப் போய், தாய்மொழியில், மனத்தில் கிடப்பதை எல்லாம் இறைவனிடம் வாய்விட்டுச் சொல்வது. இதை ‘ஹித்போதெதூத்’ என்கிறார்கள். இதற்கு நூலும் வேண்டாம், துணையும் வேண்டாம். பேச்சு ஒன்றே கருவி.

இதன் வேர் பழையது. ஈசாக்கு மாலை நேரத்தில் வயல்வெளிக்குப் போய் மனம் ஒன்றியிருந்ததை ஆதியாகமம் சொல்கிறது. பிற்பகல் வழிபாட்டை ஏற்படுத்தியவர் அவரே என்று யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத் அதைக் கொண்டு கூறும். அன்னாளின் கதை இன்னும் நெருக்கமானது. பிள்ளையில்லாத வேதனையோடு சீலோவிலிருந்த ஆலயத்தில் அவள் மன்றாடுகிறாள். உதடு மட்டும் அசைகிறது, குரல் கேட்கவில்லை. அங்கிருந்த ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கடிந்துகொள்கிறான். குடிக்கவில்லை, மனத்தில் இருந்ததைக் கொட்டிக்கொண்டிருந்தேன் என்று அவள் விளக்குகிறாள். பிற்கால அறிஞர்கள் அமிதாவுக்கான விதிகளை இவளிடமிருந்துதான் எடுத்தார்கள்: உதடு அசைய வேண்டும், குரல் உயரக்கூடாது, மனம் ஒன்ற வேண்டும். ஊரே கூடிச் சொல்லும் வழிபாட்டுக்கு, தனியே நின்று அழுத ஒரு பெண் இலக்கணமானாள். தனி மன்றாட்டைப் பொது வழிபாட்டுக்குப் போட்டியாக நினைப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இடைக்காலத்தில் இந்தப் பழக்கம் கற்றவர்களின் கையில் இருந்தது. 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த பக்யா இப்னு பக்கூதா, இதயத்தின் கடமைகளைப் பற்றி அரபு மொழியில் எழுதிய நூலில், மனிதன் தன் உள்ளத்தோடு கணக்குப் பார்ப்பதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். எகிப்தில் யூத அறிஞர் மைமோனிடிசின் மகன் ஆபிரகாம் (1186–1237) தனிமையைப் பக்தியின் உயர்ந்த படியாகப் போற்றினார். அதை எளியவர்களின் அன்றாட வேலையாக மாற்றியவர் ரப்பி நாஹ்மான்.

நாஹ்மான் இன்றைய உக்ரைனில் உள்ள மெத்ஜிபிஷில் 1772இல் பிறந்தார். ஹசிதியம் என்ற யூதப் பக்தி இயக்கத்தைத் தோற்றுவித்த பால் ஷெம் தோவின் கொள்ளுப்பேரன். 1802இல் பிரெஸ்லாவ் நகருக்குக் குடிவந்தார். காசநோயால் 1810இல் உமான் நகரில் இறந்தபோது வயது 38. அவருடைய போதனைகளைத் தொகுத்த ‘லிக்குத்தே மொஹரான்’ நூலின் முதல் பகுதி 1808இல் அச்சேறியது. இரண்டாம் பகுதி அவர் மறைந்த பிறகு வந்தது. அந்த இரண்டாம் பகுதியின் 25ஆம் போதனையில்தான் இம்முறையை அவர் தெளிவாக வகுக்கிறார்: நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும், அறையிலோ வயல்வெளியிலோ தனித்திருக்க வேண்டும், அன்றாடம் பேசும் மொழியில் பேச வேண்டும். அவருடைய மக்களுக்கு அது இத்திஷ். எபிரேயத்தில் பேசிப் பழக்கமில்லாதவனுக்கு அந்த மொழியில் நெஞ்சு இளகாது என்பது அவர் காட்டும் காரணம். முதல் பகுதியின் 52ஆம் போதனை இரவு நேரத்தையும், பகலில்கூட ஆள் போகாத வழியையும் சிறப்பித்துச் சொல்கிறது.

செய்முறையில் பெரிய சடங்கு ஏதும் இல்லை. இடத்தைப் பிடித்து, கைபேசியை அணைத்து, பேசத் தொடங்க வேண்டியதுதான். பலர் நன்றியில் தொடங்குவார்கள்: காலையில் கண் விழித்தது, வீட்டில் அரிசி இருப்பது, காய்ச்சல் விட்டது. பிறகு முந்தின நாளின் கணக்கு. யாரிடம் சிடுசிடுத்தோம், எதைச் செய்யாமல் தள்ளிப்போட்டோம், எந்தப் பொய்யைக் கூசாமல் சொன்னோம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது. அதன் பிறகு தேவை. கடன், பெண்ணின் கல்யாணம், முழங்கால் வலி, படிப்பில் மனம் செல்லாமை என எதுவும் சிறியதல்ல. பிள்ளை தகப்பனிடம் கெஞ்சுவது போலக் கேட்கலாம் என்பது நாஹ்மானின் அனுமதி.

தொடங்கியவர்கள் முதலில் சந்திப்பது கூச்சம். தன் குரலே அந்நியமாகக் கேட்கும். இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியது தீர்ந்துபோகும். மீதி நேரம் சுவர்க்கடிகாரத்தோடு போகும். இதற்கு நாஹ்மான் சொன்ன மருந்து நடைமுறை அறிந்தவரின் மருந்து: பேச முடியவில்லை என்பதையே பேசு. அதுவும் வரவில்லையென்றால் ‘உலகின் தலைவனே’ என்ற ஒரே விளியைத் திரும்பத் திரும்பச் சொல். வறண்ட நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்வதுதான் இந்தப் பயிற்சியின் பெரிய பலம். இரண்டாவது தடை இதைவிடத் தந்திரமானது. சில மாதங்களில் பேச்சு பழகிப்போகிறது; நன்றியும் மன்னிப்பும் ஒரே வாய்பாடாக வரத் தொடங்குகின்றன. அப்போது விவரத்துக்குத் திரும்ப வேண்டும். ‘கோபத்தைப் போக்கு’ என்பது வாய்பாடு. ‘நேற்று இரவு சாப்பாட்டில் உப்பு குறைந்ததற்காக அம்மாவிடம் கத்தினேன்’ என்பது பேச்சு. இரண்டாவதைச் சொல்லும்போதுதான் தொண்டை அடைக்கும்.

ஓதும் நூலின் துணையில்லாமல், தன் நிலையைத் தானே சொல்லி, திட்டமான ஒன்றைக் கேட்கும் இந்த வழி தமிழருக்கு அந்நியமல்ல. கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்குத் தென்மேற்கே வெள்ளாற்றை ஒட்டியிருக்கும் பெண்ணாடம் அதற்கு ஒரு பெரிய சான்று. இங்குள்ள பிரளயகாலேசுவரர் கோயில் தேவாரத்தில் திருத்தூங்கானைமாடம் எனப்படும். படுத்த யானையின் பின்புறம் போல் வளைந்த கருவறை அமைப்பு அந்தப் பெயருக்குக் காரணம். 7ஆம் நூற்றாண்டில் அப்பர் எனப்படும் திருநாவுக்கரசர் இங்கு வந்தார். சமண சமயத்தில் தருமசேனராக நெடுங்காலம் இருந்து, சூலை நோய்க்குப் பின் சைவத்துக்குத் திரும்பியவர் அவர். பல்லவ மன்னன் தந்த துன்பங்களைக் கடந்து வந்த பிறகும் அவருக்கு ஒரு உறுத்தல் மிஞ்சியிருந்தது: வேறு நெறியில் தோய்ந்த இந்த உடலோடு வாழ மனமில்லை, சூலக் குறியும் இடபக் குறியும் இதன்மேல் பொறிக்கப்பட வேண்டும். அதையே இந்தக் கோயிலில் கேட்டார். பூதகணம் ஒன்று அவருடைய தோள்களில் அந்தக் குறிகளைப் பொறித்தது என்று பெரியபுராணம் சொல்கிறது.

இந்த விண்ணப்பத்தின் உள்ளமைப்பை ஹித்போதெதூத் பழகுகிறவர் உடனே அடையாளம் காண்பார். கடந்த காலத்தின் பெயர் சொல்லப்படுகிறது. உறுத்துவது எது என்று மழுப்பாமல் சொல்லப்படுகிறது. கேட்பதும் பொதுவான அருளை அல்ல, தோளில் இரண்டு குறிகளை. மொழியும் தமிழ். வேறுபாடுகளும் பெரியவை. அப்பர் நிற்பது கோயிலில், தம் இறைவனின் முன்னால். யூத மரபில் இறைவனுக்கு உருவம் கிடையாது. அப்பரின் விண்ணப்பம் பதிகமாகி இன்றும் ஓதுவார்களால் பாடப்படுகிறது. நாஹ்மான் சொன்ன ஒரு மணி நேரமோ பேசியவரோடு முடிந்துபோக வேண்டியது. மறுநாள் அதையே திருப்பிச் சொல்லக் கூடாது என்பதில்லை, ஆனால் சேமித்து வைக்க அவசியமும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. நாஹ்மானின் மாணவர் நெமிரோவ் நாதன் (1780–1844), குருவின் போதனைகளை ஒவ்வொன்றாக மன்றாட்டாக மாற்றி ‘லிக்குத்தே தெஃபிலோத்’ என்ற நூலாக்கினார். சொல் வராதவர்களுக்கு அது ஊன்றுகோல். ஐரோப்பிய யூதப் பெண்கள் இத்திஷில் வைத்திருந்த தனி மன்றாட்டு நூல்களும் இதே வகை. கேரளத்து யூதப் பெண்களும் மலையாளத்தில் தங்கள் சமயப் பாடல்களைக் கையெழுத்து ஏடுகளில் காத்துவந்தார்கள். அவை கூடிப் பாடுபவை. இந்த ஏடுகள் எல்லாம் உதவும், ஆனால் ஏட்டை மூடிய பிறகு சொந்தமாக நான்கு வார்த்தை வர வேண்டும்.

தனி மன்றாட்டைப் பழகுகிறவர் மூன்று வேளை வழிபாட்டை விடுவதில்லை. அமிதாவுக்குள்ளேயே, மன்றாட்டைக் கேட்பவனைப் போற்றும் பகுதியில், சொந்தத் தேவையைச் சேர்த்துக்கொள்ள இடம் உண்டு. தனிமையில் கண்டெடுத்த ஒரு வரி அங்கே போய்ச் சேர்வது இயல்பு. ஓய்வு நாளான சனிக்கிழமையில் அமிதாவிலிருந்து வாரநாளின் வேண்டுதல்கள் நீக்கப்படுகின்றன. ஆகவே அன்று தனிமையில் பேசும்போதும் கடனையும் வழக்கையும் ஒதுக்கிவைத்துவிட்டு, வாரம் முழுவதும் கிடைத்தவற்றைப் பெயர் சொல்லி நன்றி கூறுவதோடு நிறுத்திக்கொள்வது பொருத்தமானது. கணக்கும் தேவையும் ஞாயிறு முதல் தொடரும்.