வலியின்றி நடப்போம், வயல்வெளியில்



பிழைப்பைத் தேடி நகரத்துக்கு வந்த நம்மில் பலர், ஒரு காலத்தில் வரப்பின்மேல் நடந்து பள்ளிக்குச் சென்றவர்கள். இன்றோ பேருந்து நிறுத்தம்வரை நடந்தாலே முழங்கால் நோகிறது. "வயதாகிவிட்டது" என்று நமக்கு நாமே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறோம். அத்தீர்ப்பு தவறானது என்பதைத் திருவனந்தபுரத்தின் இரண்டு இடங்கள் எனக்குக் கற்பித்தன.

முதலாவது பொன்முடி. நகரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. கல்லாற்றைக் கடந்ததும் 22 கொண்டை ஊசி வளைவுகள். சில ஆண்டுகளுக்கு முன் வாலிபர்கள் சிலரோடு அங்கே சென்றேன். மூடுபனியும் புல்வெளியும் ஐம்பதைக் கடந்த என் வயதை மறக்கச் செய்தன. சரிவுகளில் அவர்களோடு போட்டியிட்டு ஏறினேன். ஓட்டமும் நடையுமாக இறங்கினேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் படிக்கட்டில் கால் வைக்க முடியவில்லை. மூன்று நாட்கள் சுவரைப் பிடித்தே நடந்தேன். இனி நடையே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அந்த முடிவுதான் பெருந்தவறு. ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கமோ தசையை வருத்தும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகி, ஓரிரு நாட்களில் வலி உச்சமடைந்து, பின்பு தானே தணிகிறது. அது மூட்டுத் தேய்மானமன்று. ஆயத்தமின்றிச் சென்றதன் பலன். வலிக்கு அஞ்சி நடையை நிறுத்தினாலோ, தசை தளர்ந்து மூட்டைத் தாங்கும் வலிமையை இழக்கிறது. என் முழங்கால் நோவு உண்மையில் மிகுந்தது அந்த ஓய்வு மாதங்களில்தான்.

இரண்டாவது இடம் வெள்ளாயணி. நகரின் தெற்கே அமைந்த நன்னீர் ஏரி இது. அதையொட்டிய புஞ்சைக்கரி வயல்களின் நடுவே மேடுபள்ளமற்ற பாதைகள் செல்கின்றன. ஏரியில் தாமரை, வயலில் கொக்கும் நாரையும் தாழைக்கோழியும். விடியற்காலையில் அங்கே நடக்கும்போது, சிறுவயதில் விட்டுவந்த ஊர் எதிரே வருவதுபோலிருக்கும். முதல் வாரம் 15 நிமிடங்களே நடந்தேன். பின்பு வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டினேன். வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளொன்றுக்கு அரைமணி நேரம், ஐந்து நாட்கள், அவ்வளவுதான்.

நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்லுகிறேன். முதல் ஐந்து நிமிடங்கள் மெதுவாக நடவுங்கள். காலணியின் முன்புறம் கட்டைவிரல் அகலம் இடமிருக்கட்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல் நுனிகள் இடிபடும். புதுக் காலணியோடு நெடுநடை செல்லாதிருங்கள். ஈரமான காலுறை கொப்புளம் உண்டாக்கும். மாற்றுக் காலுறை வைத்திருங்கள். இறக்கத்தில் முழங்காலைச் சற்றே மடக்கி, சிற்றடி வைத்து இறங்குங்கள். கைக்கோல் பாரத்தைக் குறைக்கும். நடை முடிந்ததும் கெண்டைக்காலையும் தொடையையும் நிதானமாக நீட்டி விடுங்கள். கேரளத்தின் புழுக்கத்தில் வியர்வை மிகுதி, தண்ணீரை மறவாதிருங்கள். மழைக்காலத்தில் வரப்பு வழுக்கும், தார்ச்சாலையே நலம்.

ஆயினும், மூட்டு வீங்கினாலோ, மடங்காமல் பிடித்துக்கொண்டாலோ, வலி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். நடக்கையில் நெஞ்சு வலித்தால் உடனே நின்று உதவி தேடுங்கள். சர்க்கரை நோயுள்ளோர் நாள்தோறும் பாதங்களைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

ஓராண்டு வெள்ளாயணியில் நடந்தபின், மீண்டும் பொன்முடிக்குச் சென்றேன். இம்முறை கோலூன்றி, எல்லாருக்கும் பின்னே நிதானமாக இறங்கினேன். வாலிபர்கள் கீழே எனக்காகக் காத்திருந்தார்கள். மறுநாள் காலையில் படிக்கட்டில் இறங்கினேன், சுவரைப் பிடிக்கவில்லை.

நீங்கள் வாழும் நகரத்துக்கு வெளியேயும் ஒரு குளக்கரையோ வயல்வெளியோ இருக்கும். வரும் சனிக்கிழமை பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு 15 நிமிடங்கள் நடந்து பாருங்கள்.