கொறங்காடு: சில குறிப்புகள்

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், க.பரமத்தி. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். சரளை மண். இந்த நிலத்துக்குக் கொறங்காடு என்னும் வேலியடைத்த மேய்ச்சல் காட்டைவிடப் பொருத்தமான திட்டத்தை எந்தத் துறையும் இன்றுவரை தீட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

திட்டத்தில் மூன்று அடுக்கு. தரையில் கொழுக்கட்டைப் புல், அதனூடே நரிப்பயறு. மேலே அங்கங்கே வெள்வேல மரம். சுற்றிலும் கிளுவை வேலி. பல ஏக்கர் வைத்திருப்பவர் காட்டைத் துண்டு துண்டாக அடைத்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதை ஆறப் போடுவார். மழைக்குப் பின் புல் விதை கட்டும்வரை படலைத் திறக்காதவரின் காடு கோடையிலும் தாங்கும்.

கிளுவை வெறும் எல்லைக்கோடு இல்லை. போத்தை வெட்டி நட்டால் வேர்பிடிக்கும். பிரண்டை, கோவை, வேலிப்பருத்தி எல்லாம் அதன்மேல்தான் ஏறிப் படர்கின்றன. அடியில் கீரி, அரணை, ஓணான், பாம்பு. ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்கு வெயிலில் தலைகாட்டாமல் போக அவற்றுக்கு இந்த வேலிதான் பாதை. கம்பிவேலி போட்ட இடத்தில் அந்தப் பாதை அறுந்துவிடுகிறது.

மேச்சேரி இனச் செம்மறி ஆடு வேலாங்காயைத் தின்னும். கொட்டை குடலில் ஊறி, புழுக்கையோடு விழுந்து முளைக்கும். கன்றிலேயே முள் இருப்பதால் பிழைத்துக்கொள்ளும். நாற்றங்காலும் குழியும் இல்லாமல் ஆடே மரம் நடுகிறது. அந்த மரத்தின் காய்தான் புல் காய்ந்த மாதங்களில் அதற்குத் தீனி.

கௌதாரி, ஆள்காட்டி, காடை மூன்றும் தரையில் முட்டையிடுபவை. ஆண்டுக்கு இருமுறை டிராக்டர் ஓடும் நிலத்தில் அவற்றுக்கு இடமில்லை. கொறங்காட்டில் ஏர் படுவது அபூர்வம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்துவிட்டு மீண்டும் புல்லுக்கே விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

மாட்டின் குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின் போட்டால், மருந்தின் ஒரு பகுதி சாணத்தில் வெளியேறி சாணவண்டின் புழுக்களைக் கொல்கிறது. வண்டு இல்லையேல் சாணம் எளிதில் மண்ணுக்குள் போகாது. மருந்து போட்ட மாட்டைச் சில நாள் கட்டுத்தறியிலேயே வைத்திருக்கலாம். செலவில்லாத வேலை இது.

இப்போதைய ஆபத்து பயிர் அல்ல. வீட்டுமனையும் சூரியமின் பலகையும். மேய்ச்சலை நம்பி மட்டும் நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு குடும்பத்திடம் சூரியமின் பலகைக்கான குத்தகைப் பணத்தை மறுக்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் ஒப்பந்தத்திலேயே சிலவற்றை எழுதிக்கொள்ள முடியும்: எல்லைக் கிளுவையை வெட்டக்கூடாது, மண்ணைச் சுரண்டிச் சமப்படுத்தக்கூடாது, களைக்கொல்லி தெளிக்கக்கூடாது, பலகைகளுக்கு நடுவே செம்மறி மேய வழிவிட வேண்டும். மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. புல்லை அடியோடு பெயர்த்தெறிவது ஏன் என்பதுதான் கேள்வி.

காங்கயம் மாட்டைக் காப்பாற்றப் பேசுகிறவர்கள் பலர். மாடு நின்று மேயும் தரையைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். இங்கே அதைத் தொடங்க நல்ல இடம் வேலிதான்: எந்தக் காட்டில் கிளுவை உயிரோடு இருக்கிறது, எங்கே கம்பி வந்துவிட்டது, எந்தத் துண்டு எத்தனை மாதம் அடைத்துக் கிடக்கிறது. ஆடு மேய்ப்பவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஊராட்சி அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கேட்டு எழுதினால் போதும்.