யூரிட்டர் எங்கே?

நான் பிஜி படித்த காலத்தில், கருப்பை அகற்றும் அறுவையில் தமனிக்குக் கிளாம்ப் போடும் முன் எங்கள் சீஃப் கையை நிறுத்திவிடுவார். “யூரிட்டர் எங்கே? காட்டும்மா.” கருப்பைத் தமனிக்கு அடியில், கருப்பைவாயிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி ஓடும் சிறுநீர்க்குழாய் அது. பரீட்சையில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவள்தான் நான். ரத்தம் கசியும் குழிக்குள் எல்லாமே ஒரே மாதிரி இருந்தது. அவர் ஃபோர்செப்ஸ் நுனியால் லேசாகத் தட்டினார். வெளிறிய நாடா மாதிரி கிடந்தது, புழுவாக நெளிந்தது.

இப்போது அதே கேள்வியை நான் கேட்கிறேன். என் மாணவிகள் இரண்டாம் ஆண்டிலேயே சிசேரியனை அழகாகச் செய்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன்; கை பழகாமலா போகும்? கருப்பை அகற்றுவதற்குத்தான் வாய்ப்பு குறைவு. அதிக உதிரப்போக்கை மாத்திரையாலேயே பல நேரம் சமாளித்துவிடுகிறோம். நோயாளிக்கு நல்லது, குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும்போதோ, செய்பவர் கண்ணுக்கு மட்டுமே எல்லாம் தெரியும். ரிட்ராக்டர் பிடிப்பவர்களுக்குக் கழுத்துவலிதான் மிச்சம். லேப்ராஸ்கோப்பியில் திரை எல்லோருக்கும் பொது. ஆனால் கை வலப்பக்கம் போனால் கருவியின் நுனி இடப்பக்கம் போகும். அதற்காக டூட்டி ரூமில் ஓர் அட்டைப்பெட்டி, மேலே செல்ஃபோன் கேமரா, உள்ளே இரண்டு கிண்ணம், ஒரு பிடி பச்சைப்பயறு. கை பழகும். எவ்வளவு இழுத்தால் திசு கிழியும் என்பதைப் பயறு சொல்லாது.

லாக் புக்கில் “அசிஸ்டட்” என்று மட்டும் எழுதினால் நான் கையெழுத்துப் போடுவதில்லை. எந்தக் கிளாம்ப், எந்தத் தையல் உன்னுடையது என்று எழுது என்பேன். ஒருத்திக்கு ஒருநாள் மூத்திரப்பையைக் கீழே இறக்குவது மட்டுமே வேலை. அதில் நான் கண்டிப்பு, காரணம் உண்டு. தனியாகச் செய்யத் தொடங்கிய புதிதில், ஒரு பெண்ணின் மூன்றாவது சிசேரியனில், ஒட்டிக்கிடந்த மூத்திரப்பையைக் கிழித்துவிட்டேன். சிறுநீர் டியூபில் ரத்தம் இறங்கியது. ஓடிவந்த சீனியர் ஊசியை வாங்கிக்கொள்ளவில்லை. “நீயே தை, நான் நிற்கிறேன்” என்றார். இரண்டு அடுக்காகத் தைத்து முடிக்கும்வரை பேசவே இல்லை.

போன வாரம் மூன்றாம் ஆண்டு மாணவி கிளாம்பைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தே நின்றாள். நேரமாகிறது என்று மயக்கமருந்து டாக்டர் என்னைப் பார்த்தார்.

“இருங்க மேடம், இன்னும் நெளியலை” என்றாள்.