உம்மாவின் மருந்துப் பை

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு துணிப்பை தொங்கும். அதற்கு ‘உம்மாட பை’ என்று பெயர். கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், ஈ.சீ.ஜீ. துண்டுகள், எந்த வருடத்தையோ சேர்ந்த எக்ஸ்ரே, பாதி முடிந்த மருந்து உறைகள் என்று எல்லாமே அதற்குள்தான். எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

உம்மாவுக்கு அப்போது எழுபது வயது. சீனி வருத்தம் வந்து இருபது வருடத்துக்கு மேல். பிரஷரும் உண்டு. பிறகு சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். மாதாந்தம் அரசாங்க வைத்தியசாலையில் கிளினிக். இடையில் கால் வீங்கினாலோ தலை சுற்றினாலோ மாலையில் ஒரு தனியார் வைத்தியரிடம் காட்டுவோம். கிளினிக்கில் கொடுப்பது இவருக்குத் தெரியாது, இவர் எழுதுவது அவர்களுக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவில் இருந்தவள் நான். எனக்கும் தெரியவில்லை.

2019 இல் ஒரு நாள் சுபஹுக்கு எழும்பவில்லையே என்று பார்க்கப் போனால், உம்மாவின் உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியிருக்கிறது. பேச்சுக் குழறுகிறது. என்னையே யாரென்று கேட்கிறார். பக்கத்து வீட்டு முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். விரலில் குத்திப் பார்த்தார்கள். சீனி 43. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அதுவரை சீனி கூடுவதற்கு மட்டுமே பயந்துகொண்டிருந்தோம்.

“என்ன மருந்து குடிக்கிறார்?” என்று சிங்களத்தில் கேட்டார் இளம் வைத்தியர். எனக்கு வாய் வரவில்லை. பையை அப்படியே கட்டில் மேல் கொட்டினேன். அவர் உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, இரண்டை மட்டும் தனியே எடுத்து வைத்தார். “இந்த இரண்டும் ஒரே மருந்துதானே, ஏன் இரண்டையும் கொடுத்தீர்கள்?”

ஒன்று கிளினிக்கில் கொடுத்த காகித உறை. அதில் எழுதியிருந்தது மருந்தின் மூலப்பெயர், கிளிக்கிளசைட். மற்றது பார்மசியில் வாங்கிய அட்டை. அதில் இருந்தது கம்பனி வைத்த வணிகப் பெயர். நிறமும் வேறு, பெயரும் வேறு. பத்து நாட்களாக என் கையாலேயே உம்மாவுக்கு இரட்டிப்பு மருந்து கொடுத்திருக்கிறேன். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்தால் சீனி மறுபடியும் இறங்கக்கூடும் என்பதால், சீனி ஏறிய பின்னும் உம்மாவை வீட்டுக்கு அனுப்பாமல் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். அந்த இரண்டு நாளும் எனக்கு எப்படிப் போனது என்பதை எழுத முடியாது.

வீட்டுக்கு வந்ததும் நானாவின் மகள், “மாமி, இந்தப் பையை எனக்கு ஒரு நாளைக்குத் தாங்க” என்றாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. எல்லாவற்றையும் திகதி வாரியாகப் பிரித்துக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தாள். ஒரு அட்டவணையும் போட்டாள். மருந்தின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போது குடிப்பது, யார் எழுதியது, எந்தத் திகதியில் தொடங்கியது, எப்போது நிறுத்தியது. வைத்தியர்கள் கிறுக்கும் ‘மானே’ என்றால் காலை, ‘நொக்டே’ என்றால் இரவு, ‘பீ.டீ.’ என்றால் இரு வேளை என்பதையும் சொல்லித் தந்தாள். வருடக்கணக்காக மருந்துத் துண்டைக் கையில் வைத்திருந்தும் எனக்கு அதை வாசிக்கத் தெரியாது, சகோதரிகளே. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறகு ஒரு குளுக்கோமீற்றர் வாங்கினோம். காலையில் வெறும் வயிற்றிலும், பகல் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்தும் பார்த்துத் தொலைபேசியில் பதிந்தேன். இரண்டு வாரத்தில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. காலையில் கணக்குச் சரி, பகலில்தான் எகிறுகிறது. கிளினிக்கில் எப்போதும் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தையே பார்த்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. அடுத்த தடவை தொலைபேசியை வைத்தியரிடம் நீட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். மருந்து எடுக்கும் நேரத்தை மாற்றினார், சோற்றைக் குறைக்கச் சொன்னார். இதைக் கொப்பியில் எழுதியிருந்தாலும் இதே பயன்தான். ஆனால் கொப்பியில் எழுத எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லையே!

இதில் ஒரு தவறும் நடந்தது. உம்மாவின் சிறுநீரக ரிப்போர்ட்டை நானா குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் போட்டுவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். முப்பது, நாற்பது பேர் இருக்கிற குறூப். ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு பெண் உம்மாவிடம், “உங்கட கிட்னி பழுதாமே, டயலிசிஸ் செய்யணுமாமே” என்று கேட்டிருக்கிறார். உம்மா வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசவில்லை. இரவில்தான், “என்ட வருத்தத்த ஏன் மகள் ஊருக்குக் காட்டுறீங்க?” என்று கேட்டார். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் சுகாதார விபரங்களை விசேட பாதுகாப்புக்குரிய தரவாகவே சொல்கிறது. உம்மா எந்தச் சட்டமும் படித்தவரில்லை. அவர் கேட்டதும் அதைத்தான். அன்றிலிருந்து படங்கள் என் தொலைபேசியிலும் மருமகளின் தொலைபேசியிலும் மட்டுமே.

நாங்கள் வீட்டில் செய்த இந்தச் சில்லறை வேலையை நாடு பெரிதாகச் செய்யத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. கம்பஹா மாவட்டத்தின் தொம்பே வைத்தியசாலையில் 2011 இல் ஆரம்பித்த திட்டத்தில் நோயாளிக்குப் பார்கோட் அட்டை கொடுத்து, அவருடைய பழைய விபரங்களை வைத்தியர் கணினியிலேயே பார்க்கும் முறை வந்தது. ஒவ்வொருவருக்கும் 11 இலக்கங்கள் கொண்ட தனிநபர் சுகாதார இலக்கம் கொடுக்கும் முறையும் இருக்கிறது. எங்கு மருந்தெடுத்தாலும் ஒரே இலக்கத்தின் கீழ் எல்லாம் தெரியவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். உம்மாவின் கிளினிக்கில் இன்னும் கொப்பிதான். அது கணினிக்கு மாறினாலும், தனியார் வைத்தியரின் துண்டு அதில் சேராவிட்டால் உம்மாவுக்கு 2019 இல் நடந்தது மறுபடியும் நடக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

தொலைபேசியை மட்டும் நம்பவும் முடியாது. 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் சார்ஜ் இல்லாத போனைக் கையில் வைத்துக்கொண்டு கிளினிக் வரிசையில் நின்றிருக்கிறேன். அதன் பிறகு அட்டவணையைக் கடதாசியில் எடுத்துக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.

கடதாசியின் கதியை 2025 நவம்பர் கடைசியில் பார்த்தோம். டித்வா புயல் மழையில் மகாவலி பெருகி, கம்பளைப் பக்கமும் எங்கள் பக்கமும் தாழ்ந்த இடங்களில் வெள்ளம் புகுந்தது. ஆற்றோரம் இருந்த சாச்சி உடுத்த உடுப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் சீனி, பிரஷர், அதோடு இருதய வருத்தம். கிளினிக் கொப்பி, மருந்து எல்லாம் சேற்றில் போய்விட்டது. பல நாள் மின்சாரமும் இல்லை. உம்மாவின் அட்டவணை கொப்பியில் இருந்தது. சாச்சியுடையது யாரிடமும் இல்லை.

வைத்தியக் குழு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு சாச்சியைக் கூட்டிக்கொண்டு போகுமுன், மெழுகுதிரி வெளிச்சத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். “காலையில வெள்ளக் குளிச ஒண்டு. இல்ல, ஒண்டரை. ராவைக்கு மஞ்சள் பாதி. நாக்குக்குக் கீழ வைக்கிறது ஒண்டும் இருந்திச்சி.” இதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தத் துண்டை வைத்துக்கொண்டு வைத்தியர் பட்ட பாட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கேள்வி மேல் கேள்வி கேட்டு, பிரஷர் பார்த்து, சீனி பார்த்து, ஒரு வாரத்துக்கு மட்டும் மருந்து கொடுத்தார். பிறகு கிளினிக்குக்குப் போய்ப் புதுக் கொப்பி எடுத்தோம்.

கொப்பியோடு வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை. உள்ளே கட்டிலிலிருந்து உம்மாவின் சத்தம் கேட்டது.

“மகள், தங்கச்சிட கொப்பியப் படம் எடுத்தீங்களா?”

எடுக்கிறேன் உம்மா என்றேன்.

“குறூப்புக்குப் போட வேணாம்.”