கறுத்தக்கொழும்பான் கொழும்புக்கு வந்தால்…

வைகாசி, ஆனி மாதங்களிலே யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தைக்குச் சென்றால், கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் மணமே நம்மை முதலில் வரவேற்கும். பழுத்த பின்பும் தோலிற் பச்சை முற்றாக நீங்குவதில்லை. அறுத்தாலோ உள்ளே செம்மஞ்சள் நிறச் சதை, தேனென இனிக்கும். பூக்குங் காலத்து வறட்சியும் காய் முற்றுங் காலத்து வெயிலும் அந்நிலம் அதற்கு அளித்த சீதனங்கள்.

அதே பெயர் சொல்லிக் கொழும்புக் கடையொன்றில் விற்ற பழத்தையும் வாங்கி உண்டோம். மணமுமில்லை, இனிப்புமில்லை, புளிப்பே எஞ்சியது.

காரணம் யாது? கனிந்த பழம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் லொறிப் பயணத்தைத் தாங்காது, நசுங்கிவிடும். ஆதலாற் காயாகவே பறித்தனுப்புகின்றனர். அதிற் குற்றமில்லை. நன்கு முற்றிய காய், மரத்தைப் பிரிந்த பின்னரும் தன்னுள் உள்ள மாப்பொருளைச் சர்க்கரையாக்கிப் பழுக்கும். முந்திய சந்தையின் விலையை நாடி இளங்காயைப் பறித்தாலோ, அது வாடுமேயன்றி இனிக்காது. காபைட் கல் தோலுக்கு நிறமூட்டலாம். மரம் கொடாத இனிப்பை அது எங்ஙனம் கொடுக்கும்?

எனவே வாங்கும்போது, காம்படியிலே தோள் திரண்டிருக்கிறதா எனப் பார்ப்போம். கொழும்பில் வளரும் நம் பிள்ளைகள் அப்புளிப்பையே கறுத்தக்கொழும்பானின் சுவையென எண்ணிவிடலாகாது. பள்ளி விடுமுறையில் ஒருமுறையேனும் அவர்களை அம்மரத்தடிக்கே அழைத்துச் செல்வோமாக.