பச்சையாகிப் போன முகம்

2025 ஜூன் மாதம் ஒரு பின்னேரம், எங்கட ஒழுங்கையில் இருக்கிற மாமி ஒரு படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. ஏ4 அளவு, லமினேட் பண்ணினது. இரண்டு வருசத்துக்கு முதல் நான்தான் அடிச்சுக் குடுத்தது.

“பிள்ளை, இவன்ர முகத்தைப் பார். பச்சையாப் போச்சு.”

உண்மைதான். கன்னத்திலும் உதட்டிலும் இருந்த சிவப்பு இறங்கிப்போய், பாசி பிடிச்ச மதில் மாதிரி ஒரு நிறம். படத்தில் இருப்பவர் மாமியின் மகன். 1996இல், இடம்பெயர்ந்து திரும்பி வந்த கொஞ்ச நாளில், சைக்கிளில் வெளியே போனவர். பிறகு வரவில்லை. வீட்டு அல்பங்கள் 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வோடு போய்விட்டன. அன்று வலிகாமத்துச் சனம் அரியாலைக்குள்ளால் போகிற கண்டி வீதியாலும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனது. மாமியின் பேர்சுக்குள் இருந்த ஒரு சின்ன ஸ்ரூடியோப் படம் மட்டும் தப்பியது.

அந்த வாரம் செம்மணியில் ‘அணையா விளக்கு’ போராட்டம், 23ஆம் திகதியிலிருந்து 25 வரை. சித்துப்பாத்தி மயானத்தில் பெப்ரவரியில் கட்டட வேலைக்கு வெட்டின இடத்தில் எலும்புகள் வெளிவந்து, நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு தொடங்கியிருந்தது. மாமிக்கு மகனின் படத்தோடு அங்கே போய் நிற்கவேணும்.

“வெயில்ல வைச்சுக்கொண்டு நிண்டு நிண்டு இப்பிடிப் போச்சு” எண்டு மாமி வெயிலைத்தான் குறை சொன்னா. வெயில் பாதிக் காரணம். மற்றப் பாதி நான் ஊற்றின மை.

என்னிடம் இருப்பது எப்சன் எல்805. 2021இல் பாவிச்சதாய் வாங்கினது. ஆறு தாங்கி: கறுப்பு, மஞ்சள், சயன், மஜென்ரா, அதோடு மெல்லிய சயன், மெல்லிய மஜென்ரா. கடைசி இரண்டும் முகத்தோல் மாதிரி மெதுவாக மாறுகிற நிறங்களுக்காக இருப்பவை. பிறந்தநாள் படங்கள், பள்ளிக்கூடச் செயற்றிட்டங்கள், அந்தியேட்டிக்குப் பெருப்பிக்கிற படங்கள் எண்டு வேலை ஓடியது. அப்போது 70 மில்லிலீற்றர் ஒறிஜினல் போத்தல்கள்தான் ஊற்றினேன்.

2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஒறிஜினல் மை ஒரு கிழமை இருந்தால் மறு கிழமை இல்லை, இருந்தாலும் விலை கேட்கேலாது. ரவுணில் ஒரு கடையில் “எல்லா எப்சனுக்கும் பொருந்தும்” எண்டு எழுதின போத்தல்கள் இருந்தன. ஒறிஜினல் ஒன்றின் காசுக்கு நாலு வாங்கலாம். வாங்கினேன். அதில் இப்பவும் எனக்கு வெட்கமில்லை. அது இல்லையெண்டால் அந்த வருசம் பிரிண்டர் மூலையில் கிடந்திருக்கும்.

ஆனால் “பொருந்தும்” எண்ட சொல்லை நான் விளங்கிக்கொண்ட விதம் பிழை. மைக்கு மூன்று வேலை இருக்கிறது.

முதலாவது, தலைக்குள்ளால் ஓடுவது. இந்த மெசினின் ஆகச் சின்னத் துளி 1.5 பிக்கோலீற்றர். ஒரு பிக்கோலீற்றர் எண்டால் ஒரு லீற்றரை லட்சம் கோடியாகப் பிரிச்சால் வருகிற ஒரு பங்கு. எப்சனின் தலை மையைச் சூடாக்குவதில்லை. மின்சாரம் பட்டதும் வளைகிற ஒரு சின்னப் பாகம் மையைத் தள்ளிவிடும். மை கொஞ்சம் தடிச்சாலும் துளை அடைக்கும். கனன், எச்பி மெசின்களில் மையைக் கொதிக்கவைத்துத்தான் துளியை வெளியே தள்ளுவார்கள். அதனால் “எல்லாப் பிரிண்டருக்கும்” எண்டு எழுதியிருக்கிற போத்தலைக் கண்டால் கவனம். எல்805க்கு வேண்டியது கரைந்த சாய மை. துகள் கலந்த பிக்மென்ற் மையை அதோடு கலக்கவே கூடாது.

இரண்டாவது, நிறம். பிரிண்டரின் மென்பொருள் ஒறிஜினல் மையை நினைத்துத்தான் எந்த நிறத்தில் எத்தனை துளி எண்டு கணக்குப் போடுகிறது. வேறு மை ஊற்றினால் கணக்கு அப்படியே இருக்கும், விடை மாறும். வானமும் மரமும் கொஞ்சம் மாறினால் ஒருவருக்கும் தெரியாது. முகம் மாறினால் பெத்த தாய்க்குத் தெரியும். அதைச் சரியாக்க அந்த மைக்கும் அந்தத் தாளுக்கும் எண்டே ஒரு ஐசிசி புரொபைல் செய்யவேணும். அதற்கு நிறம் அளக்கிற கருவி தேவை. என்னட்ட இல்லை. கண்ணால் பார்த்துத்தான் கூட்டிக் குறைத்தேன்.

மூன்றாவது, நிலைப்பு. இதைப் போத்தலில் பார்க்கேலாது, அடிச்ச அன்றைக்கும் பார்க்கேலாது. சாய மைகளில் பலதில் வெளிச்சத்துக்கு முதலில் தோற்பது மஜென்ரா. அது போனால் மிஞ்சுவது சயனும் மஞ்சளும். இரண்டும் சேர்ந்தால் பச்சை. மாமியின் படத்தில் நடந்தது இதுதான். லமினேட் தண்ணியையும் காற்றையும் மறிக்கும், வெளிச்சத்தை மறிக்காது.

ஒறிஜினல் எண்டாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பேலாது. 2000ஆம் ஆண்டு எப்சனின் ஸ்ரைலஸ் போட்டோ 870, 1270 மெசின்களில் அடிச்ச படங்கள் சில இடங்களில் கொஞ்ச நாளிலேயே செம்மஞ்சளாக மாறின. காற்றில் இருக்கிற ஓசோன் சயன் சாயத்தை அழித்ததுதான் காரணம். மையும் தாளும் இருக்கிற இடமும் சேர்ந்துதான் ஒரு படத்தின் ஆயுள்.

மாமி வந்து போன பிறகு ஒரு சோதனை செய்தேன். நீங்களும் செய்யலாம், செலவில்லை. சித்தப்பாவின் பிரிண்டரில் ஒறிஜினல் மையிலும், என்னுடையதில் என்ர மையிலும், நண்பி ஒருத்தியின் பிரிண்டரில் அவள் ஊற்றுகிற வேறு றிபில் மையிலும், ஒரே முகத்தை ஒரே வகைத் தாளில் அடித்தேன். ஒவ்வொன்றிலும் பாதியைக் கறுத்த மட்டையால் மூடி, மேற்குப் பக்க யன்னலில் ஒட்டினேன். ஆறு கிழமை கழித்து மட்டையைக் கழற்றினால், என்ர மையில் முகத்தின் நடுவே கோடு கீறின மாதிரி: ஒரு பாதி மனுசர், ஒரு பாதி பச்சை. ஒறிஜினலில் கோட்டைத் தேடிப் பார்க்கவேணும். நண்பியின் மை நான் நினைச்சதை விட நல்லது, ஒறிஜினலுக்குக் கிட்ட நின்றது. ஆனால் அடுத்த முறை அவள் அதே பெயரில் வாங்கின போத்தலில் மஜென்ரா வேறு மாதிரி இருந்ததாம். மலிவு மையில் எனக்குப் பயம் அதுதான். ஒரு முறை நல்லது எண்டதற்காக அடுத்த முறையும் அதுதான் வரும் எண்டில்லை.

மாமிக்குச் செம்மணிக்கு வேண்டிய படத்தை, சோதனைக்கு முதலே, சித்தப்பாவின் பிரிண்டரில் அடித்தேன். என்ர தாங்கிகளில் பழைய மை இருந்தது; மேலே ஊற்றினால் கலக்கும். கழுவிக் கழுவித் தள்ளினால் கழிவு மை உறிஞ்சுகிற பஞ்சு நிரம்பி மெசின் நின்றுவிடும். அதனால் பழையதை அடிமட்டம் வரை ஓடவிட்டுத்தான் மாற்றினேன். இப்போது எல்805க்கு ஒறிஜினல் மட்டும். செயற்றிட்டங்களுக்கும் கொப்பிகளுக்கும் ஒரு பழைய நாலு நிறப் பிரிண்டர்; அதுக்கு றிபில்.

விறாந்தை வெளிச்சத்தில் பேர்சுப் படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மாமி கனநேரம் பார்த்தா.

“இதுதான் இவன்ர நிறம். அப்ப அடிச்சது அண்டைக்கே வெளிறலாத்தான் கிடந்தது.”

எனக்கு ஞாபகம் இருக்கு. 2023இலும் மாமி அதைத்தான் சொன்னவ. “லைற் வெளிச்சத்தில அப்பிடித்தான் தெரியும் மாமி” எண்டு நான் சொன்னேன். மலிவு மை ஊற்றினதை விட அந்த வசனம்தான் எனக்கு இப்பவும் குத்துது. மையை நான் தெரிவு செய்தேன், அந்தப் படத்தோடு வாழ வேண்டியது அவ. அவவிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

இந்த முறை சொன்னேன். இதுவும் வெயிலில் ஒரு நாள் மங்கும். சின்னப் படத்தை அலுமாரிக்குள் வையுங்கோ, வெளியில் கொண்டுபோகாதேங்கோ. ஸ்கான் பண்ணினது என்னட்டயும் இருக்கு, உங்கட மகளின்ர போனுக்கும் அனுப்பிறன். முகம் மாறத் தொடங்கினால் வாங்கோ, திரும்ப அடிப்பம்.

மாமி படத்தைப் பையுக்குள் வைத்துக்கொண்டே சொன்னா:

“போன முறையும் இதைச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை.”

இப்போது ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் திகதி, மை, தாள் மூன்றையும் எழுதுகிறேன். ஆர் வந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன்: இந்தப் படம் எவ்வளவு காலம் இருக்கவேணும்? பிறந்தநாள் பதாகைக்கு ஒரு பதில், அந்தியேட்டிப் படத்துக்கு இன்னொரு பதில். பதிலைக் கேட்ட பிறகுதான் எந்தப் பிரிண்டரைப் போடுவது எண்டு முடிவு.